ஒரே தொட்டியில் தேரையும் ஓணானும்

சிலாங்கூரின் பத்தாங் பெர்ஜுந்தையிலிருந்து (இப்போது பெஸ்தாரி ஜெயா) ஐந்தாம் படிவ மாணவர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "சார், என் அண்ணன் பியர்டட் டிராகன் வளர்க்கிறார். நான்கடிக் கண்ணாடித் தொட்டி, பாதிக்கு மேல் சும்மாதான் கிடக்கிறது. வீட்டுக்குப் பின்னால் லோங்காங் வாய்க்காலில் பிடித்த தேரையையும், பாசார் மாலாம் இரவுச் சந்தையில் வாங்கிய சிவப்புக்காது ஆமையையும் அதிலேயே விட்டால் என்ன?"

விட வேண்டாம். இதற்கு வழக்கமாகச் சொல்லும் காரணங்களை முதலில் வேகமாக முடித்துவிடுகிறேன். ஊர்வனவும் நீர்நில வாழ்வனவும் உடல் சூட்டை வெளியிலிருந்து பெறுபவை என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். பியர்டட் டிராகன் நம் ஓணானுக்கு ஆஸ்திரேலியச் சொந்தம். வறண்ட நிலத்துப் பிராணி. அது வெயில் காயும் இடம் 40 டிகிரி செல்சியஸை ஒட்டி இருந்தால்தான் தின்றது செரிக்கும். அந்தச் சூட்டில் தேரை காய்ந்துவிடும். சரி, தேரைக்காகத் தொட்டியை ஈரமாக்கினால் டிராகனுக்குச் சுவாசக் கோளாறு வரும். ஆமைக்கு நீந்த ஆழமான தண்ணீர் வேண்டும். அப்புறம், வாயில் அடங்குவதெல்லாம் இரை என்பதுதான் இவற்றின் கணக்கு. இவ்வளவையும் கடைக்காரரே சொல்லியிருப்பார். எனக்குச் சொல்ல ஆசையாக இருப்பது தேரையின் நஞ்சைப் பற்றி.

தேரையின் மேல் நம் ஆட்கள் சுமத்தாத பழி இல்லை. உடைத்த தேங்காயில் பருப்பு இல்லையா, தேரை மோந்துவிட்டது. குழந்தை மெலிந்து வயிறு ஊதினால் தேரை தோஷம். மந்திரிக்கத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். அந்தக் குழந்தைக்கு வேண்டியது நல்ல சாப்பாடும் கிளினிக்கும்தான். தேரையைத் தொட்டால் மரு வரும் என்பதும் கதை. மரு மனிதர்களுக்குள் பரவும் ஒரு வைரஸால் வருவது. வாயில் ஒரு பல்கூட இல்லாத பிராணி, தென்னை உச்சிக்குப் போய்த் தேங்காயை மோந்து பார்த்ததாம்!

இத்தனை பொய் வழக்குக்கு நடுவில் அதன் மெய்யான ஆயுதத்தைப் பலர் கவனிப்பதில்லை. கண்ணுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் நீளமாகப் புடைத்திருக்கும் சுரப்பிகளைப் பார்த்திருப்பீர்கள். எதிரி கவ்வி அழுத்தினால் அவற்றிலிருந்து பால் போன்ற திரவம் வெளிவரும். அதில் பூஃபாடையினோலைடு என்ற வகை நஞ்சு இருக்கிறது. அரளி விதை ஏன் ஆளைக் கொல்கிறது என்று தெரிந்தவர்களுக்கு இதுவும் புரியும். செடியும் தேரையும் தனித்தனியே கண்டுபிடித்த நஞ்சுகள், உடம்பில் போய்த் தாக்குவது ஒரே இடத்தை.

அந்த இடம் நம் ஒவ்வொரு செல்லின் உறையிலும் பதிந்திருக்கும் சோடியம்-பொட்டாசியம் பம்ப். ஒரு சுற்றுக்கு மூன்று சோடியம் அயனிகளை வெளியே தள்ளி, இரண்டு பொட்டாசியம் அயனிகளை உள்ளே இழுக்கும். ஓய்வே கிடையாது. கடலோரத்துச் செம்பனைத் தோட்டங்களில் தாழ்வான நிலத்து நீரை பம்ப் வைத்து வெளியே இறைத்துக்கொண்டே இருப்பார்களே, அதுபோல. பம்பின் வாயில் ஒரு கட்டை சிக்கினால் தோட்டம் மூழ்கும். தேரை நஞ்சு செய்வதும் அதுதான்: பம்பின் வெளிவாயில் போய் உட்கார்ந்து அடைத்துக்கொள்கிறது. செல்லுக்குள் சோடியம் ஏறுகிறது. இதயத் தசையில், சோடியம் உள்ளே வரும் வேகத்தை வைத்துத்தான் கால்சியம் வெளியேறுகிறது. உள்ளேயே சோடியம் நிறைந்துவிட்டால் கால்சியம் போக வழியில்லை. தசை இறுகச் சுருங்குகிறது, தளர மறுக்கிறது, துடிப்பின் தாளம் கெடுகிறது. இதே வேலையை மிகச் சிறிய அளவில் செய்ய வைத்தால் மருந்து. இதய நோயாளிகளுக்குக் கொடுக்கும் டிகாக்சின் இந்த வழியில்தான் வேலை செய்கிறது.

இந்த பம்பைக் கண்டுபிடித்தவர் டென்மார்க்கின் யென்ஸ் ஸ்கௌ. 1957-இல் அவர் ஆராய்ந்தது நண்டுக் காலின் நரம்பை. நோபல் பரிசு 1997-இல் வந்தது. நண்டுக் காலை நோண்டி என்ன ஆகப்போகிறது என்று இன்றைய நிதிக் குழு கேட்டு விண்ணப்பத்தைத் திருப்பியிருக்கும் என்பது என் எண்ணம். உடனே காசாகாத ஆராய்ச்சிக்கும் கொஞ்சம் ஒதுக்குங்கள் என்று யாரிடம் சொல்வது?

சரி, தேரைக்கும் இதயம் உண்டு, அதே பம்பும் உண்டு. அது ஏன் சாகவில்லை? இந்தக் கேள்வியில்தான் நான் மயங்கிப்போகிறேன். பம்ப் என்பது ஏறத்தாழ ஆயிரம் அமினோ அமிலங்களைக் கோத்த ஒரு புரதச் சங்கிலி. நஞ்சு வந்து உட்காரும் வளைவில் ஓரிரு அமினோ அமிலங்கள் மட்டும் தேரைக்கு மாறியிருக்கின்றன. அவ்வளவுதான், நஞ்சால் பிடித்து உட்கார முடிவதில்லை; பம்ப் தன்பாட்டுக்கு ஓடுகிறது. தேரையைத் தின்னும் பாம்புகளிலும், உடும்புகளிலும், நஞ்சுச்செடி தின்னும் சில பூச்சிகளிலும்கூட அதே வளைவில்தான் மாற்றம் நடந்திருக்கிறது. ஒன்றுக்கொன்று உறவே இல்லாத உயிர்கள் ஒரே விடைக்கு வந்து சேர்ந்திருக்கின்றன.

நம் தோட்டத்து வாய்க்கால் ஓரம் நடமாடும் உடும்பு தேரைகளோடு காலங்காலமாக வாழ்ந்த வம்சம். அதன் பம்ப் தாங்கும். அதன் சொந்தக்காரர்கள் ஆஸ்திரேலியாவுக்குப் போனபோது அங்கே தேரையே இல்லை. தேவைப்படாத காப்பு காலப்போக்கில் தொலைந்தது. அதற்கு மாறியது எவ்வளவு தெரியுமா? மரபணுவில் நான்கே நான்கு எழுத்து. 1935-இல் கரும்பு வண்டை ஒழிக்கிறோம் என்று அங்கே குவீன்ஸ்லாந்தில் மத்திய, தென் அமெரிக்கத் தேரை இனத்தைக் கொண்டுவந்து விட்டார்கள். வண்டு ஒழியவில்லை. தேரையைக் கவ்விய உடும்புகள்தான் கொத்துக் கொத்தாகச் செத்தன.

இப்போது அண்ணனின் டிராகன் எந்த நாட்டுப் பிராணி என்று யோசித்துக்கொள்ளுங்கள். தேரைகூட வேண்டாம், இதே குடும்பத்து நஞ்சு சில வட அமெரிக்க மின்மினிப் பூச்சிகளிலும் இருக்கிறது. அவற்றைத் தின்ற பியர்டட் டிராகன்கள் செத்ததை 1999-இலேயே பதிவு செய்திருக்கிறார்கள். சிலாங்கூர் ஆற்றோரத்துக் கம்போங் குவாந்தான் மின்மினிகள் வேறு இனம்தான். ஆனாலும் ஆற்றங்கரை பக்கமாயிற்றே, இரையாக இருக்கட்டும் என்று யாரும் பிடித்துப் போட்டுவிடாதீர்கள்.

தேரையை விட்டுவிட்டு இரண்டு வகைத் தவளைகளைச் சேர்த்து வைக்கலாமா என்று அடுத்த கேள்வி வரும். தவளை வாயால் தண்ணீர் குடிப்பதில்லை. அடிவயிற்றுத் தோலால் உறிஞ்சுகிறது. ஆகவே ஒரே கிண்ணத்தில் இரண்டு தவளை உட்கார்ந்தால், ஒன்றின் தோலில் கசிவது மற்றதன் உடம்புக்குள் போகும். நம் நாட்டு மலையோடைகளில் ஒடோரானா ஹோசி என்ற பச்சைத் தவளை இருக்கிறது. அதை மற்ற தவளைகளோடு ஒரே பையில் போட்டால் மற்றவை செத்துவிடும். காட்டில் ஆய்வு செய்பவர்கள் அதைத் தனிப்பையில்தான் போடுவார்கள்.

ஆமை விஷயத்தில் எதிரி கண்ணுக்கே தெரியாது. என்டமீபா இன்வேடன்ஸ் என்ற அமீபா பல ஆமைகளின் குடலில் தொல்லை தராமல் குடியிருக்கும். ஆமையின் கழிவு வழியாகத் தண்ணீரில் கலந்து ஒரு பாம்புக்குள்ளோ பல்லி இனத்துக்குள்ளோ போனால் குடல் சுவரையே அரித்து, கல்லீரல்வரை போய்க் கொன்றுவிடும். ஆமையோ ஒன்றும் ஆகாததுபோல் கீரை தின்றுகொண்டிருக்கும். அதைப் பார்த்து நோயைக் கண்டுபிடிக்க முடியாது.

மிருகக்காட்சிசாலைகளில் கலந்து வைக்கிறார்களே என்பீர்கள். உண்மைதான். ஒரே நிலப்பகுதியைச் சேர்ந்த, ஒரே தட்பவெப்பம் கேட்கும் இனங்களாகப் பார்த்து, புதிதாக வருவதை வாரக்கணக்கில் தனியே வைத்து, கழிவைப் பரிசோதித்து, ஓர் அறை அளவு இடத்தில் விடுகிறார்கள். பக்கத்திலேயே கால்நடை மருத்துவரும் இருப்பார். நான்கடித் தொட்டியில் அதெல்லாம் நடக்காது.

இதைப் படிப்பதற்குள் டிராகன் தேரையைக் கவ்விவிட்டிருந்தால், வாயிலிருப்பதை எடுத்துவிட்டு, தலையைத் தாழ்த்திப் பிடித்து, ஈரத்துணியால் வாயின் உட்புறத்தைத் துடையுங்கள்; தண்ணீரைத் தொண்டைக்குள் ஊற்ற வேண்டாம். துடைத்த கை கண்ணில் படக்கூடாது. உடனே ஊர்வன பார்க்கும் மருத்துவரிடம் ஓடுங்கள். சிற்றூர்களில் பெரும்பாலும் நாய், பூனை, மாடு பார்ப்பவர்களே கிடைப்பார்கள். அதனால் போகும் வழியிலேயே போனில் விசாரித்துவிடுங்கள்.