பள்ளியில் படிக்கும்போதே கல்லூரிப் பாடம்: கலிபோர்னியாப் பெற்றோர் சேர்க்கும் முன் பார்க்க வேண்டியவை

கலிபோர்னியாவில் உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகள் கம்யூனிட்டி காலேஜில் பாடம் எடுத்து, அதைப் பள்ளிக்கும் கல்லூரிக்கும் சேர்த்தே கணக்குக் காட்டலாம். டூயல் என்ரோல்மென்ட் என்பார்கள். செலவு பெரும்பாலும் இல்லை. பள்ளிக் கூட்டங்களில் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். அங்கே வாங்கும் கிரேடு பிள்ளையின் நிரந்தரக் கல்லூரிப் பதிவு என்பதை அழுத்திச் சொல்வதில்லை. பதினைந்து வயதில் விழுந்த ஒரு 'எஃப்' பிற்பாடு எல்லா விண்ணப்பத்தோடும் போகும்.

எந்த வழியில் சேர்க்கிறார்கள் என்று முதலில் கேளுங்கள். பள்ளி மாவட்டமும் கல்லூரியும் ஒப்பந்தம் போட்டு நடத்தும் வகுப்பு (இதற்குப் பெயர் 'சிகேப்', CCAP) என்றால் கட்டணமும் புத்தகச் செலவும் இல்லை, பெற்றோர் சம்மதப் படிவமும் ஒருமுறை கொடுத்தால் போதும். பிள்ளை தனியாகப் போய்ச் சேர்ந்தால் கதையே வேறு. பருவத்துக்கு 11 யூனிட் (பாடத்தின் அளவைச் சொல்லும் கணக்கு) வரை பெரும்பாலான கல்லூரிகள் கட்டணத்தைத் தள்ளிவிடும். தாண்டினால் யூனிட்டுக்கு 46 டாலர். புத்தகம், பார்க்கிங் எல்லாம் உங்கள் கையிலிருந்து. படிவத்தையும் பல கல்லூரிகளில் ஒவ்வொரு பருவத்துக்கும் புதிதாகக் கொடுக்க வேண்டும். போன தடவை கொடுத்ததே போதும் என்று இருந்தால், பதிவு செய்யும் நாளில் கணக்குத் திறக்காது.

அந்தப் படிவத்துக்குப் பள்ளி முதல்வரின் ஒப்புதல் வேண்டும். கோடைப் பருவத்துக்கு, பள்ளியில் ஒவ்வொரு படிநிலையிலும் (9-ஆம் வகுப்பு, 10-ஆம் வகுப்பு என்று) 5 சதவீதம் பேருக்கு மேல் முதல்வர் பரிந்துரைக்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது, விலக்குகள் சிலதான். ஜூனில் போய் நின்றால் கவுன்சிலரும் இருக்க மாட்டார், இடமும் இருக்காது. ஏப்ரலிலேயே கையெழுத்தை வாங்கி, ஸ்கேன் செய்து ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். கல்லூரி அலுவலகம் 'எங்களுக்கு வரவில்லை' என்று சொன்னால், பள்ளிக்கு மறுபடி ஓடாமல் அதையே அனுப்பலாம்.

ஆன்லைன் விண்ணப்பத்தில் 'பள்ளியிலும் கல்லூரியிலும் ஒரே நேரத்தில் படிப்பவர்' என்ற வரியைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். 'முதல்முறை கல்லூரி மாணவர்' என்று கொடுத்தால் கணினி கட்டணத்தைப் போட்டுவிடும். எடுக்க வைப்பதற்குள் வகுப்பு நிரம்பிவிடும். பள்ளி கொடுத்த மின்னஞ்சல் முகவரியைக் கொடுக்காதீர்கள். பல பள்ளிகள் வெளி மின்னஞ்சலைத் தடுக்கும், கல்லூரி அனுப்பும் எதுவும் வந்து சேராது. எச்-4 விசாவில் (எச்-1பி வேலை விசாக்காரரின் குடும்பத்துக்கான விசா) இருக்கும் பிள்ளையை வெளிநாட்டு மாணவர் கணக்கில் போட்டு வெளிமாநிலக் கட்டணம் கேட்டால் உடனே கட்டிவிடாதீர்கள். எஃப்-1 மாணவர் விசா போல அல்ல, எச்-4 கலிபோர்னியாவில் வசிப்புரிமை காட்டத் தடையில்லை. பெற்றோர் ஓராண்டுக்கு மேல் இங்கே இருப்பதற்கு வரித்தாள், வாடகை ஒப்பந்தம் போன்ற சான்றுகளோடு மறுபரிசீலனை கேளுங்கள்.

பதிவு வரிசையில் பள்ளிப் பிள்ளைகள் பெரும்பாலும் கடைசி. வகுப்பு நிரம்பியிருந்தால் வெயிட்லிஸ்டில் பெயரைப் போட்டு, முதல் நாளே வகுப்பில் உட்கார்ந்து பேராசிரியரிடம் 'ஆட் கோட்' (நிரம்பிய வகுப்பில் சேர அனுமதிக்கும் எண்) கேட்க வேண்டும். முதல் நாள் வராதவரைப் பல பேராசிரியர்கள் நீக்கிவிடுவார்கள். ஆனால் நடுவில் போகாமல் நின்றுவிட்டால் அவர்களே நீக்குவார்கள் என்று நம்பக் கூடாது. அங்கேதான் நிறையப் பிள்ளைகள் 'எஃப்' வாங்குகிறார்கள். 16 வாரப் பருவத்தில் பொதுவாக முதல் இரண்டு வாரத்துக்குள் விலகினால் தடயமே இருக்காது. பிறகு 'டபிள்யூ' (பாதியில் விலகியதற்கான குறி) விழும். முக்கால் பருவம் தாண்டினால் கிரேடுதான். 'டபிள்யூ' சராசரியைக் குறைக்காது. ஆனால் எடுத்த யூனிட்டில் மூன்றில் இரண்டு பங்கையாவது முடித்திருக்க வேண்டும் என்று பிற்பாடு நிதி உதவி அலுவலகம் பார்க்கும்போது குறுக்கே வரும்.

3 யூனிட் பாடத்துக்குக் குறைந்தது 144 மணி நேர உழைப்பு. அதையே 6 வாரக் கோடையில் எடுத்தால் வாரத்துக்கு 24 மணி நேரம். ராபாட்டிக்ஸ் முகாமும் இந்தியப் பயணமும் வைத்துக்கொண்டு இதைச் சேர்க்காதீர்கள்.

இன்னொரு அதிர்ச்சி: கல்லூரிப் பதிவுகளின் உரிமை, வயது 18 ஆகாவிட்டாலும், 'ஃபெர்பா' என்ற மாணவர் பதிவு ரகசியச் சட்டப்படி பிள்ளைக்கு. நீங்கள் போன் செய்தால் பேச மறுப்பார்கள். பேராசிரியருக்கு மின்னஞ்சல் பிள்ளைதான் எழுத வேண்டும். பள்ளியில் 504 சலுகை (மாற்றுத்திறனுள்ள பிள்ளைகளுக்கான ஏற்பாடு) இருந்தாலும் கல்லூரியின் மாற்றுத்திறனாளி அலுவலகத்தில் தனியாகப் பதிய வேண்டும்; தானாக வராது.

எந்தப் பாடம் கலிபோர்னியாவின் அரசுப் பல்கலைக்கழகங்களான யூசி, சிஎஸ்யூவில் செல்லும் என்பதை 'அசிஸ்ட்' (assist.org) தளத்தில் நீங்களே பாருங்கள். யார் வாய்வார்த்தையையும் நம்பாதீர்கள். பள்ளிப் பட்டத்துக்குக் கணக்குக் காட்டிய பாடத்துக்குப் பல தனியார் பல்கலைக்கழகங்கள் கிரெடிட் தராது. உங்கள் பள்ளி எத்தனை கிரெடிட் தரும், ஜிபிஏவில் (கிரேடு சராசரியில்) சேர்க்குமா என்பதைச் சேரும் முன் மின்னஞ்சலில் எழுதி வாங்குங்கள். பருவம் முடிந்ததும் கல்லூரி டிரான்ஸ்கிரிப்ட் (மதிப்பெண் பதிவு) தானாகப் பள்ளிக்குப் போய்விட்டதா என்று கேளுங்கள். போகவில்லை என்றால் பிள்ளையே ஆன்லைனில் கோரி, பள்ளியின் பதிவாளருக்கு வந்து சேர்ந்ததா என்று பார்க்க வேண்டும்.