தகவல் மீட்பா, தேடியெடுப்பா?

நூலகக் கணினிமயம் பற்றித் தமிழில் எது வந்தாலும் இரண்டாம் பக்கத்துக்குள் ‘தகவல் மீட்பு’ வந்து உட்கார்ந்துவிடுகிறது. பாடக்குறிப்பில், மென்பொருளின் தேர்வுப் பட்டியில், கருத்தரங்க அழைப்பிதழில் எங்கும் இதே சொல்தான். ‘இன்ஃபர்மேஷன் ரெட்ரீவல்’ என்பதற்கு இது தவறான பெயர்ப்பு. நூலகத்தில் வேலை செய்கிறவரைத் தவறு செய்யவும் வைக்கும்.

மூலச்சொல்லை முதலில் பார்த்துவிடுவோம். ‘ரெட்ரீவ்’ பழைய பிரெஞ்சின் ‘ரெத்ரூவெ’ என்ற வினையிலிருந்து வந்தது; திரும்பக் கண்டுபிடிப்பது என்று பொருள். வேட்டைக்காரர் சுட்ட பறவையைப் புதருக்குள் மோந்து தேடி எடுத்து வரும் நாயின் வேலைக்கு ஆங்கிலத்தில் வழங்கியது. 1950-இல் அமெரிக்கரான கால்வின் மூயர்ஸ் இதைத் தகவலோடு சேர்த்துத் துறைப்பெயராக்கினார். அவருடைய கருவி, விளிம்பில் வெட்டுக்குறி போட்ட அட்டை. அட்டைகளை அடுக்கி, கம்பி கோத்துக் குலுக்கினால் கேட்ட பொருளுக்குரியவை மட்டும் கீழே இறங்கும். ஒருவருக்குத் தேவை இருக்கிறது, சேர்த்துவைத்த ஆவணங்கள் இருக்கின்றன, அவற்றுள் எவை அவருக்கு உதவும் என்று பிரித்துக் கொடுக்க வேண்டும். துறையின் வேலை அவ்வளவுதான்.

இதில் மீட்பதற்கு என்ன இருக்கிறது? மீட்பு என்றால் முன்பு நம்மிடம் இருந்து பறிபோனது திரும்ப வருவது. அடகு வைத்த நகையை மீட்கிறோம். பகைவர் கவர்ந்த ஆநிரையை மீட்பது கரந்தை. புயலுக்குப் பின் நடப்பது மீட்புப் பணி. தேவாலயத்தில் மீட்பர். எங்கும் இழப்பு முன்னால் வருகிறது, மீட்பு பின்னால் வருகிறது. நூலகத்துக்கு வருகிறவரோ தான் ஒருநாளும் பார்த்திராத கட்டுரையைத் தேடுகிறார். அது தொலையவில்லை, சிறைப்படவில்லை, தனக்குரிய தட்டில் இருக்கிறது. அதை அவர் எப்படி மீட்பார்?

‘ரீ’ என்ற முன்னொட்டுக்கு ‘மீள்’ வந்தாக வேண்டும் என்பார்கள். ‘மீள்பெறுகை’ இந்த வாதத்தில் பிறந்ததுதான். முன்னொட்டுக்கு முன்னொட்டு வைப்பது சொல்லாக்கம் ஆகாது. அது எழுத்தெண்ணி நிரப்புவது. நம் மொரீசியஸில் ஆங்கிலத்துக்குப் பக்கத்திலேயே பிரெஞ்சு இருக்கிறது. பிரெஞ்சு நூலகர்கள் இதை என்ன சொல்கிறார்கள் என்று பார்த்தாலே போதும். ‘ரெஷெர்ஷ்’, அதாவது தேடல் என்கிறார்கள். ‘ரெக்யுபெராசியோன்’ என்ற சொல்லை, அழிந்த கோப்பைத் திரும்பப் பெறுவதற்குத் தனியே வைத்திருக்கிறார்கள். ஆங்கிலமும் ரெட்ரீவலையும் ரெக்கவரியையும் பிரித்தே வழங்குகிறது. தமிழில் மட்டும் இரண்டையும் ஒரே ‘மீட்பு’க்குள் அடைத்தால் எப்படி?

இந்த அடைப்பால் வரும் கேடு கைவேலையில் தெரியும். யுனெஸ்கோ சிறு கணினிகளுக்காக 1985-இல் வெளியிட்ட சி.டி.எஸ்./ஐசிஸ் என்ற நூலக மென்பொருள் வளரும் நாடுகளின் நூலகங்களில் பரவலாகப் புழங்கியது. அதில் தேடுவதற்கு ஒரு பிரிவு. காப்புப் பிரதி எடுப்பதற்கும் அதைத் திரும்ப ஏற்றுவதற்கும் வேறொரு பிரிவு. மின்சாரம் இடையில் போனால் பெரும்பாலும் கெடுவது தேடலுக்கான சொல்லடைவுக் கோப்பு. நூற்பதிவுகள் இருக்கும் முதன்மைக் கோப்பு நன்றாகவே இருக்கலாம். அப்போது முதன்மைக் கோப்பிலிருந்து அடைவை மறுபடி உருவாக்கினால் போதும். கையேட்டில் இரண்டு பிரிவுக்கும் ‘மீட்பு’ என்று எழுதியிருந்தால், தேடல் வேலை செய்யவில்லையே என்று வருகிற புதியவர் போன மாதக் காப்புப் பிரதியை ஏற்றிவிடுவார். அதற்குப் பிறகு பதிந்த பதிவுகள் அத்தனையும் போய்விடும்.

அந்த அடைவுக்கும் (ஆங்கிலத்தில் ‘இன்வெர்டட் ஃபைல்’) ஒரு பெயர் சுமத்தியிருக்கிறார்கள்: ‘தலைகீழ்க் கோப்பு’. எந்தச் சொல் எந்தப் பதிவில், எந்தப் புலத்தில், எத்தனையாவது இடத்தில் வருகிறது என்று சொல்வரிசையில் அடுக்கிய பட்டியல் அது. சங்க நூல்களுக்கு நம் அறிஞர்கள் கையால் செய்ததும் இதையேதான். சொல்லடைவு என்ற பெயர் கண்முன் இருக்கும்போது கோப்பை ஏன் தலைகீழாகத் தொங்கவிட வேண்டும்?

‘ரீகால்’ என்பதை ‘நினைவுகூர்தல்’ என்று பெயர்ப்பது இன்னும் மோசம். தேடல் எவ்வளவு நன்றாக நடந்தது என்று காட்ட, பிரிட்டனின் கிரான்ஃபீல்டில் நூலகர் சிரில் கிளெவர்டன் 1960-களில் நடத்திய சோதனைகளால் நிலைபெற்ற அளவு அது. நினைவுக்கும் அதற்கும் தொடர்பில்லை. கரும்பு பற்றி நூலகத்தில் 40 ஆவணங்கள் உள்ளன என்று கொள்வோம். தேடலில் 50 வருகின்றன. அவற்றில் 30 மட்டுமே கரும்பு பற்றியவை. 40-க்கு 30 கிடைத்ததால் முழுமை 75 விழுக்காடு. 50-இல் 30 தேறியதால் பொருத்தம் 60 விழுக்காடு. முழுமை, பொருத்தம் என்று சொன்னாலே விளங்குகிறது.

மற்ற 20 எங்கிருந்து வந்தன? தமிழில் இது தனிக் கவனம் கேட்கும் இடம். கரும்பை, கரும்பின், கரும்புக்கு என்று வேற்றுமை ஏறுவதால் ‘கரும்ப’ என்று வெட்டித் தேடுகிறோம். கணினியில் உயிர்க்குறி எழுத்துக்குப் பின்னால் தனிக் குறியீடாக நிற்பதால் இந்த வெட்டு எல்லா வடிவங்களையும் பிடிக்கும். கூடவே கரும்பலகையையும் கரும்பாறையையும் இழுத்து வரும். ‘மர’ என்று வெட்டினால் மரத்தோடு மரபு, மரணம், மரியாதை வரை வந்து சேரும். வெட்டைக் குறுக்கினால் முழுமை ஏறும், பொருத்தம் இறங்கும். இந்த இழுபறியை ‘மீட்பு’ என்ற சொல் காட்டவே காட்டாது. மீட்பில் பொருத்தம் பார்ப்பதில்லை. நகை வந்தது அல்லது வரவில்லை, அவ்வளவுதான்.

எனவே தகவல் தேடியெடுப்பு. நீளம் என்று சொல்ல முடியாது: இதே பொருளில் சிலர் எழுதும் மீட்டெடுப்புக்கும் ஆறு எழுத்து, தேடியெடுப்புக்கும் ஆறு எழுத்து. ‘தேடல்’ மட்டும் போதாதா என்றால் போதாது. தேடல் வாசகர் செய்வது, தேடியெடுப்பு வாசகரின் கேள்வி முதல் கைக்கு வரும் பட்டியல் வரை முழு ஏற்பாட்டையும் குறிப்பது. வீட்டில் கிரியோல் பேசி, பள்ளியில் தமிழ் படிக்கும் நம் பிள்ளைக்கு ‘ரோதே’ என்பது தேடு என்று தொடக்க வகுப்பிலேயே தெரியும்; இந்தச் சொல்லை அவளே பிரித்துப் பொருள் சொல்வாள்.

ஐ.பி.எம். நிறுவனத்தின் பிரெஞ்சுக் கிளை 1955-இல் தன் புதிய கணினிக்குப் பெயர் தேடியபோது இலத்தீன் பேராசிரியர் ழாக் பெரேயிடம் கேட்டது. இயந்திரம் என்ன செய்கிறது என்று பார்த்து, ஒழுங்குபடுத்துவது என்ற பொருளில் ‘ஓர்தினாத்தர்’ என்றார் அவர். இன்றுவரை அது நிற்கிறது. நம் மொழிபெயர்ப்பாளர்கள் பொருளைப் பார்ப்பதற்கு முன் அகராதியைத் திறக்கிறார்கள். 1998-இல் நம் ரூபாய்த் தாளில் மொழிகளின் வரிசையில் தமிழின் இடம் மாறியதற்கு எதிர்ப்புக் காட்டி, தாளையே திரும்பப் பெறவைத்த தீவு இது. எழுத்தின் வரிசையில் காட்டிய அக்கறையைச் சொல்லின் பொருளிலும் காட்ட வேண்டும்.

பழைய சொல்லை அட்டவணையிலிருந்து அடியோடு நீக்கிவிடவும் கூடாது. அதைக் கற்றவர்கள் அதைத்தான் தட்டுவார்கள். பொருள் தலைப்புப் பட்டியலில் ‘தகவல் மீட்பு – பார்க்க: தகவல் தேடியெடுப்பு’ என்று ஒரு வரி இருக்கட்டும். கோப்பை மீட்பது வேறு தலைப்பு. ‘தரவு மீட்பு’ என்று அதற்குத் தனிப் பதிவு வேண்டும், இரண்டுக்கும் நடுவே ‘மேலும் பார்க்க’ போட வேண்டாம்.