பழ ஈக்குப் பத்து நிமிடம், நமக்கு மூன்று நாள்

"சுகர் டெஸ்ட் ஒரு மணி நேரத்தில் வந்துவிடுகிறது, இதற்கு மட்டும் ஏன் மேடம் மூன்று வாரம்?" குழந்தைக்குக் குரோமோசோம் பரிசோதனை எழுதிக் கொடுத்தால், பெற்றோர் அநேகமாக எல்லோரும் கேட்பது இது. நியாயமான கேள்விதான். குரோமோசோம்களைத் தனித்தனியாக எண்ண வேண்டுமென்றால் செல் பிரிந்துகொண்டிருக்கும்போது பிடிக்க வேண்டும், மற்ற நேரத்தில் எல்லாம் சிக்குவிழுந்த நூல் மாதிரிதான் கிடக்கும். ரத்தத்தில் ஓடும் வெள்ளையணுக்களோ பிரியாமல் சும்மா இருப்பவை.

கல்லூரியில் பழ ஈயை வைத்துப் படித்தபோது இந்தப் பாடெல்லாம் இல்லை. புழுவின் உமிழ்நீர்ச் சுரப்பியை எடுத்து, சாயம் விட்டு, கண்ணாடி வில்லையை வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினால் போதும், பட்டை பட்டையாகக் குரோமோசோம் தெரியும். அந்தச் செல்கள் பிரிவதே இல்லை. டிஎன்ஏவை மட்டும் சுமார் 10 சுற்று நகலெடுத்து, ஆயிரம் இழைகள் சேர்ந்து கயிறாகத் தடித்திருக்கும். அதே ஈயின் முட்டைக்குள் நடப்பது நேர் எதிர்! முதல் 13 சுற்று உட்கரு மட்டும் பிரியும், நடுவில் செல் சவ்வு எழும்பாது, ஆரம்பச் சுற்றுகளுக்குப் பத்து நிமிடம்கூட ஆகாது. தேவையான புரதங்களைத் தாய் ஈ முன்பே முட்டையில் நிரப்பி வைத்திருக்கும், நகலெடுப்பும் நெருக்க நெருக்கமாகப் பல இடங்களில் ஒரே நேரத்தில் தொடங்கிவிடும்.

மனிதக் கருமுட்டை முதல்முறை இரண்டாகவே ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். வளரும் செல்லில் நகலெடுக்க மட்டுமே 8 மணி நேரம் போல.

அதனால் உங்கள் ரத்தம் வந்ததும், ராஜ்மா பயறிலிருந்து எடுக்கும் ஒரு புரதத்தைச் சேர்த்து அணுக்களை உசுப்பிவிட்டு, 37 டிகிரியில் 72 மணி நேரம் வளர்ப்போம். முடியும் தறுவாயில் கால்ச்சிசின் வகை மருந்து விட்டு, பிரிவைப் பாதியில் நிறுத்துவோம். நம் செங்காந்தள் விதையில் இருக்கிறதே, அதே கால்ச்சிசின்தான். அப்புறம் 20 செல்களாவது தேடிப்பிடித்து, ஒவ்வொன்றிலும் 46 குரோமோசோம் இருக்கிறதா என்று எண்ணி, ஜோடி சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இதெல்லாம் அணு உயிரோடு வந்தால்தான். ஒருமுறை பிறந்து 20 நாளான குழந்தையின் ரத்தம் கல்லாக உறைந்து வந்தது. பத்திரமாக இருக்கட்டும் என்று யாரோ ஃப்ரீசரில் வைத்திருக்கிறார்கள். ஓர் அணுகூடப் பிரியவில்லை, அந்தப் பிஞ்சுக் கையில் மறுபடி ஊசி. எனக்கு மனசே ஆறவில்லை.

ரத்தம் எடுக்கும்போதே கேளுங்கள்: ரத்தம் கட்டியாகாமல் தடுக்கும் ஹெப்பாரின் மருந்து போட்ட பச்சை மூடி ட்யூப்தானே? ஊதா மூடி வேண்டாம். ஃப்ரீசர் வேண்டவே வேண்டாம், முடிந்தால் அன்றைக்கே லேபுக்கு அனுப்பச் சொல்லுங்கள். குழந்தைக்குச் சமீபத்தில் ரத்தம் ஏற்றியிருந்தால், அதையும் படிவத்தில் எழுதிவிடுங்கள்.