துலிப் காலத்து நெதர்லாந்து: செலவு முடிவாவது புறப்படுவதற்கு முன்பே

துலிப் மலர்களைப் பார்க்க நெதர்லாந்துக்குப் போக வேண்டும் என்று எங்கள் பயண ஆலோசனை அலுவலகத்துக்கு வரும் குடும்பங்கள் பெரும்பாலும் தேதியை முடிவு செய்துகொண்டே வருகின்றன. அந்தத் தேதி அநேகமாக மே மாதத்தின் நடுவில் இருக்கும். பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை, பெரியவர்களுக்கு அலுவலக விடுப்பு என்று பார்த்தால் அந்தக் கணக்கு சரிதான். ஆனால் லிஸ்ஸே என்ற சிற்றூரில் உள்ள கியூகென்ஹாஃப் மலர்த் தோட்டம் ஆண்டில் ஏறத்தாழ எட்டு வாரங்கள் மட்டுமே திறந்திருக்கும். மார்ச் மூன்றாம் வாரத்தில் திறந்து, மே மாத இரண்டாம் ஞாயிறை ஒட்டி மூடிவிடுவார்கள். 2025-இல் மார்ச் 20 முதல் மே 11 வரையும், 2026-இல் மார்ச் 19 முதல் மே 10 வரையும் என்று காலம் குறிக்கப்பட்டது. அதற்குப் பிறகு போகிறவர் எவ்வளவு செலவு செய்தாலும் அந்தத் தோட்டத்துக்குள் நுழைய முடியாது.

மே பிற்பாதியில் புறப்படும் ஐரோப்பியத் தொகுப்புச் சுற்றுலாக்களின் விளம்பரங்களிலும் துலிப் வயல் படம் இருப்பதுண்டு. படத்தைப் பார்த்து முன்பணம் கட்டுவதற்கு முன், நாள்வாரி நிகழ்ச்சிநிரலில் கியூகென்ஹாஃப் என்ற பெயர் எந்தத் தேதியில் இருக்கிறது, அங்கே எத்தனை மணி நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள், நுழைவுக் கட்டணம் தொகுப்பில் அடங்குமா என்பவற்றை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். 'பருவத்தைப் பொறுத்தது' என்ற சிறு குறிப்பு அடியில் இருந்தால், அந்த நாளில் வேறு ஏதாவது காட்டப்படும் என்பதே அதன் பொருள்.

மலர்கள் எல்லாம் ஒரே நேரத்தில் பூப்பதில்லை. மார்ச் இறுதியில் குரோக்கஸும் டாஃபடிலும் பூக்கும், அவற்றை அடுத்து ஹயசிந்த் வரும், துலிப் வயல்கள் ஏப்ரல் நடுப்பகுதியை ஒட்டி உச்சத்தை அடையும். வெயில் முன்கூட்டியே ஏறினால் இந்த வரிசை ஒரு வாரம் முன்னே நகரும், குளிர் நீடித்தால் பின்னே போகும். வயல்களைப் பொறுத்தவரை இன்னொன்றும் உண்டு: விவசாயிக்கு வருமானம் தருவது மண்ணுக்கடியில் இருக்கும் கிழங்கு என்பதால், பூ மலர்ந்து நோய் உள்ள செடிகளைக் கண்டு நீக்கிய பிறகு, கிழங்கு பெருப்பதற்காக மலர்களின் தலையைக் கொய்துவிடுவார்கள். நேற்றுவரை சிவப்பாக இருந்த வயல் இன்று வெறும் பச்சையாகத் தெரிவதற்கு இதுதான் காரணம். தோட்டத்தில் அந்தக் கவலை குறைவு, ஏனென்றால் அங்கே ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் ஏறத்தாழ 70 லட்சம் கிழங்குகளைக் கையால் நடுகிறார்கள், அதுவும் முந்திப் பூப்பவை, பிந்திப் பூப்பவை என்று அடுக்கடுக்காக நட்டு, கடைசி வாரம் வரை ஏதேனும் ஒன்று பூத்திருக்கும்படி பார்த்துக்கொள்கிறார்கள். ஆகவே வயல்தான் முக்கியம் என்பவருக்கு ஏப்ரலின் நடு இரண்டு வாரங்கள் ஏற்றவை. பிள்ளைகளின் தேர்வு முடிந்த பின்தான் கிளம்ப முடியும் என்ற குடும்பம் ஏப்ரல் கடைசியில் போனாலும் தோட்டத்தில் ஏமாற்றம் இருக்காது.

ஆனால் ஏப்ரல் கடைசி என்றதும் ஒரு தேதியைச் சுற்றிக் கட்டம் போட்டுவிட வேண்டும். ஏப்ரல் 27 அரசர் பிறந்தநாள். அது ஞாயிற்றுக்கிழமையாக அமைந்தால் கொண்டாட்டம் 26-ஆம் தேதிக்கு மாறும். அன்று நாடே ஆரஞ்சு உடையில் தெருவுக்கு வந்துவிடும், ஆம்ஸ்டர்டாமில் நடப்பதற்கே இடம் இருக்காது, முந்தைய இரண்டு மூன்று இரவுகளுக்கான அறை வாடகை எகிறிவிடும். திருவிழாவைப் பார்ப்பதற்கென்றே போகிறவரைத் தடுக்க மாட்டேன். சிக்கனமாக, வயதான பெற்றோரையும் அழைத்துக்கொண்டு போகிறவர் 28 அல்லது 29-ஆம் தேதி போய்ச் சேர்ந்து மே முதல் வாரத்தில் திரும்புவது நல்லது. ஈஸ்டர் வார இறுதியையும் இதே காரணத்துக்காகத் தவிர்க்கலாம்.

அடுத்தது தங்கும் இடம். குறுகிய பயணத்தில் விமானக் கட்டணத்தை விட்டால் அறை வாடகைதான் பெரிய செலவு. ஆம்ஸ்டர்டாமில் சுற்றுலா வரி 2024 முதல் அறை விலையில் 12.5 சதவீதம். மதிப்புக்கூட்டு வரி நீங்கலாக 120 யூரோ விலையுள்ள அறைக்கு இரவுக்கு 15 யூரோ, நான்கு இரவுக்கு 60 யூரோ இதற்கே போய்விடும். இதுபோக, தங்குமிடங்களுக்கான மதிப்புக்கூட்டு வரியும் 2026 ஜனவரி 1 முதல் நாடு முழுவதும் 9 சதவீதத்திலிருந்து 21 சதவீதமாக உயர்ந்துவிட்டது. முன்பதிவுத் தளத்தின் முதல் பக்கத்தில் தெரியும் தொகையை நம்பாமல், எல்லா வரிகளும் சேர்ந்த கடைசித் தொகையை வைத்தே விடுதிகளை ஒப்பிட வேண்டும்.

நான் பெரும்பாலும் பரிந்துரைப்பது லைடன் நகரத்தை. ஆம்ஸ்டர்டாமின் ஸ்கிபோல் விமான நிலையத்திலிருந்து நேரடி ரயிலில் இருபது நிமிடத்துக்குள் போய்விடலாம், லைடன் சென்ட்ரல் நிலையத்துக்கு வெளியிலிருந்தே கியூகென்ஹாஃபுக்கு 854 எண் பேருந்து கிளம்பும், ஆங்கிலத்தில் தி ஹேக் எனப்படும் டென் ஹாக் கால் மணி நேரத் தொலைவில் இருக்கிறது, ஆம்ஸ்டர்டாமுக்கு ரயிலில் அரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஆகும். துலிப்புக்கும் அந்த ஊருக்கும் பழைய உறவு உண்டு. 1593-இல் அங்கே வந்து சேர்ந்த தாவரவியலாளர் கரோலஸ் குளூசியஸ் பல்கலைக்கழகத் தோட்டத்தில் நட்ட கிழங்குகள் அடுத்த ஆண்டு வசந்தத்தில் பூத்தன, அந்தத் தோட்டம் இன்றும் பார்வையாளர்களுக்குத் திறந்திருக்கிறது. ஆம்ஸ்டர்டாமுக்கு இன்னும் அருகில் வேண்டும் என்பவருக்கு ஹார்லம் பொருந்தும்.

போக்குவரத்தில் பலர் தேவையில்லாமல் பணத்தை விடுகிறார்கள். நெதர்லாந்தின் உள்நாட்டு ரயில்களில் இருக்கை முன்பதிவு கிடையாது, கட்டணம் தூரத்தைப் பொறுத்தது, ஒரு மாதம் முன்னால் வாங்கினாலும் ஏறும்போது வாங்கினாலும் சாதாரணப் பயணச்சீட்டின் விலை ஒன்றுதான். இதை அறியாதவர்களிடம் 'முன்பதிவு' என்ற பெயரில் சேவைக் கட்டணம் சேர்த்து விற்கும் தளங்கள் இருக்கின்றன. அவற்றுக்குப் பணம் கொடுக்க வேண்டியதில்லை. 2023 முதல் நாடு முழுவதும் ரயில், மெட்ரோ, டிராம், பேருந்து எல்லாவற்றிலும் தொடாமல் பணம் செலுத்தும் வசதியுள்ள வங்கி அட்டையையே ஏறும்போது ஒரு முறையும் இறங்கும்போது ஒரு முறையும் கருவியில் காட்டினால் போதும். சர்வதேசப் பயன்பாட்டையும் தொடாமல் செலுத்தும் வசதியையும் இந்திய வங்கிச் செயலியில் இயக்கி வைத்த பிறகே விமானம் ஏற வேண்டும்.

இந்த முறையில் மூன்று விஷயங்களைக் கவனமாகச் சொல்லி அனுப்புகிறேன். ஓர் அட்டையில் ஒருவர்தான் பயணம் செய்ய முடியும் என்பதால் கணவனும் மனைவியும் ஒரே அட்டையைக் காட்ட முடியாது, ஆளுக்கு ஒன்று வேண்டும். ஏறும்போது பிளாஸ்டிக் அட்டையைக் காட்டிவிட்டு, இறங்கும்போது அதே அட்டை பதிந்துள்ள கைபேசியைக் காட்டினால், கருவி அவற்றை இரண்டு வெவ்வேறு அட்டைகளாகவே எடுத்துக்கொள்ளும். இரண்டு முடிவுறாப் பயணங்களுக்கும் பணம் பிடிக்கப்படும். மூன்றாவது, தடுப்புக் கதவு இல்லாத சிறிய நிலையங்களில் நடைமேடையோரம் கம்பத்தில்தான் கருவி இருக்கும் என்பதால், அதைத் தேடிக் காட்டிவிட்டுத்தான் வெளியே போக வேண்டும். 4 முதல் 11 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு ரயில்ரன்னர் என்ற நாள் சீட்டு உண்டு. சுமார் இரண்டரை யூரோவில் நாள் முழுவதும் ரயிலில் சுற்றலாம். அதற்குக் கீழான வயதுக்குக் கட்டணம் இல்லை.

கியூகென்ஹாஃபுக்குப் பெரியவர் ஒருவருக்குச் சுமார் 20 யூரோ ஆகும், நாளும் நேரமும் குறித்த சீட்டை அதிகாரப்பூர்வத் தளத்தில் முன்கூட்டியே எடுக்க வேண்டும். காலை 8 மணிக்குத் திறந்து மாலை 7.30 மணிக்கு மூடுகிறார்கள். சுற்றுலாப் பேருந்துகள் குவிவது பத்து மணிக்கு மேல்தான் என்பதால், முதல் ஒன்றரை மணி நேரமோ, நான்கு மணிக்குப் பிந்திய நேரமோ நடப்பதற்கு நன்றாக இருக்கும். ஏப்ரல் இறுதியில் இரவு ஒன்பதை ஒட்டித்தான் சூரியன் மறைகிறது, மாலைச் சீட்டு எடுத்தாலும் இருட்டிவிடுமோ என்ற பயம் வேண்டாம்.

நாட்குறிப்பு எழுதிய யூதச் சிறுமி ஆன் ஃபிராங்க் ஆம்ஸ்டர்டாமில் மறைந்து வாழ்ந்த இல்லத்தின் சீட்டுகள் அந்த இல்லத்தின் தளத்தில் மட்டுமே விற்பனையாகும். ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் அங்கே காலை 10 மணிக்கு, ஆறு வாரம் கழித்து வரும் வாரத்துக்கான சீட்டுகள் வெளியிடப்படும். நமக்கு அது மார்ச் கடைசி ஞாயிறு வரை பிற்பகல் 2.30, அதற்குப் பிறகு பிற்பகல் 1.30. வான்கோ அருங்காட்சியகத்துக்கும் நேரம் குறித்து முன்பதிவு செய்தே போக வேண்டும். அங்கும் ரைக்ஸ் அருங்காட்சியகத்திலும் 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால், பல இடங்களின் நுழைவையும் போக்குவரத்தையும் ஒன்றாக விற்கும் நகர அட்டையைப் பிள்ளைகளுக்கும் சேர்த்து வாங்குவது பல குடும்பங்களுக்கு நட்டம். ஆம்ஸ்டர்டாம் சென்ட்ரல் நிலையத்தின் பின்புறமிருந்து நீரைக் கடக்கும் படகு எல்லோருக்கும் இலவசம். 1740-ஐ ஒட்டிய காலத்தைச் சேர்ந்த 19 காற்றாலைகள் நிற்கும் கிண்டர்டைக்குக்கு, ராட்டர்டாமிலிருந்து வாட்டர்பஸ் என்ற படகில், சில நேரம் ஒருமுறை மாறி, போய்விடலாம். பொதுப் பாதையில் நடந்து காற்றாலைகளைப் பார்க்கக் கட்டணம் இல்லை, ஆலைக்குள் போனால்தான் உண்டு.

சாப்பாட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. குழாய்த் தண்ணீரைத் தயங்காமல் குடிக்கலாம், ஆல்பர்ட் ஹைன், யும்போ, லிடில் போன்ற பல்பொருள் அங்காடிகளில் ரொட்டி, தயிர், பழம் எல்லாம் கிடைக்கும். சூடாகச் சாப்பிட வேண்டும் என்பவர், தென் அமெரிக்காவில் முன்பு டச்சு ஆட்சியில் இருந்த சுரினாம் நாட்டு உணவகங்களைத் தேடட்டும். 1873 முதல் கல்கத்தாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகச் சுரினாமுக்குக் கப்பலேற்றப்பட்டவர்களின் சந்ததியார் நடத்தும் கடைகளில் உருளைக்கிழங்கும் காராமணிக்காயும் வைத்த ரொட்டி கிடைக்கும், டென் ஹாகில் இத்தகைய கடைகள் அதிகம். பான டப்பாக்களுக்கும் சிறு பிளாஸ்டிக் புட்டிகளுக்கும் 15 சென்ட் வைப்புத்தொகை பிடிப்பார்கள், காலியானதை அங்காடி இயந்திரத்தில் போட்டுத் திரும்பப் பெறலாம்.

இனி விசா. 2024 ஜூன் முதல், நெதர்லாந்து உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான குறுகிய கால ஷெங்கன் விசாவுக்குப் பெரியவருக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயதுப் பிள்ளைக்கு 45 யூரோ, அதற்கும் கீழ் கட்டணம் இல்லை. விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. பயண நாளுக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம் என்பதால், ஏப்ரல் பயணத்துக்கு டிசம்பர் அல்லது ஜனவரியிலேயே நேரம் பதிவு செய்துவிட வேண்டும். சட்டப்படி குறைந்தபட்சம் 15 நாள் முன் என்று இருந்தாலும், கோடைப் பயணக் கூட்டம் தொடங்கிய பின் அந்த நம்பிக்கையில் இருப்பது சரியல்ல. நேரம் வாங்கித் தருகிறேன், விசா நிச்சயம் என்று கூடுதல் பணம் கேட்பவரிடம் ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம், ஏனென்றால் விண்ணப்ப மையம் ஆவணங்களைப் பெற்றுக்கொள்ளுமே தவிர, முடிவெடுப்பது நெதர்லாந்து அரசு. விசா வரும்வரை இலவசமாக ரத்து செய்யக்கூடிய அறைகளை மட்டும் பதிவு செய்யுங்கள், பயணக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவை ஏற்க வேண்டும் என்பதைப் பத்திரத்தில் பாருங்கள். மனு போடுவதற்குச் சில நாள் முன்பு கணக்கில் திடீரெனப் பெருந்தொகை சேர்த்தால் அதற்கு விளக்கம் கேட்பார்கள், சாதாரண வரவு செலவோடு தொடரும் கணக்கே மேலானது.

ஐரோப்பிய எல்லைகளில் 2025 அக்டோபர் முதல் கைரேகையும் முகப்படமும் பதிவு செய்யும் புதிய முறை நடைமுறைக்கு வந்திருக்கிறது. முதல் முறை போகிறவருக்கு வரிசையில் கூடுதல் நேரம் ஆகலாம். விடுதி, திரும்பும் விமானம், காப்பீடு ஆகியவற்றின் அச்சுப் பிரதிகளைக் கைப்பையிலேயே வைத்திருங்கள், வந்திறங்கும் நாளுக்கு நேரம் குறித்த எந்த நுழைவுச் சீட்டையும் வாங்கிவிடாதீர்கள்.