கறள் தெரியும் இடம் ஒன்று, இரும்பு கரையும் இடம் வேறொன்று

திருகோணமலை உப்புவெளியிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "அமெரிக்காவில் 1969ஆம் ஆண்டு டொட்ஜ் சார்ஜர் கார்களையெல்லாம் பற்றைக்குள் இருந்து இழுத்து வந்து புதுசாக்குகிறார்கள். என் அப்பாவின் மொறிஸ் மைனர் காருக்கு எத்தனை தரம் டிங்கரிங் செய்து பெயின்ற் அடித்தாலும் ஒரு மாரி தாண்டுவதில்லை. கதவுக்குக் கீழே மறுபடியும் கொப்புளம். வேலை செய்த பாஸின் பிழையா, பெயின்றின் பிழையா?"

இரண்டிலும் கொஞ்சம் இருக்கலாம். ஆனால் முதல் குற்றவாளி அந்தக் கொப்புளத்துக்குள் இருக்கும் உப்புத் தண்ணீர்.

அமெரிக்காவிலும் எல்லாக் காரும் தப்புவதில்லை. பனி உருக வீதியில் உப்புக் கொட்டும் வட மாநிலங்களில் சார்ஜர், மஸ்டாங் எல்லாம் அடிப்பக்கம் உதிர்ந்துதான் கிடக்கும். அதனால்தான் அரிசோனாப் பாலைவனத்தில் நின்ற கார் என்றால் அங்கே தனி மவுசு. திருகோணமலையில் யாரும் உப்புக் கொட்டத் தேவையில்லை, டைக் வீதிப் பக்கம் காரை நிறுத்தினால் கடலே தெளித்துவிடும். அதிலும் கடலுப்பு வெறும் சோடியம் குளோரைட்டு அல்ல. சோடியம் குளோரைட்டு காற்றின் ஈரப்பதன் 75 சதவீதத்தைத் தொட்டால்தான் தண்ணீரை இழுத்துக் கரையும். கூடவே இருக்கும் மகனீசியம் குளோரைட்டுக்கு 33 சதவீதமே போதும். உப்பளத்தில் உப்பை வாரிய பிறகு மிஞ்சும் கசப்புத் தண்ணீரில் நிறைய இருப்பது இதுதான். ஆகவே கச்சான் காற்று அடித்து ஊரே காயும்போதும் காரின் பொந்துகளில் படிந்த தூசி ஈரமாகவே இருக்கும்.

இரும்பு இலத்திரனை இழந்து கரைகிறது. ஒட்சிசனும் நீரும் அந்த இலத்திரனை வாங்கிக்கொள்கின்றன, அங்கே காரம் உண்டாகிறது. இது பள்ளியில் படித்ததுதான், தாண்டிப் போவோம். எனக்குப் பிடித்த இடம் இதற்கு அடுத்தது.

கேம்பிரிட்ஜில் யூலிக் எவன்ஸ் என்ற விஞ்ஞானி 1920களில் ஒரு சின்னச் சோதனை செய்தார். நன்றாகத் தேய்த்த இரும்புத் தகட்டில் ஒரு சொட்டு உப்புத் தண்ணீர், அவ்வளவுதான். அதில் பினோத்தலீனும் பொற்றாசியம் பெரிசயனைட்டும் கொஞ்சம் கலந்திருக்கும். காரம் உண்டாகும் இடம் இளஞ்சிவப்பாகும், இரும்பு கரையும் இடம் நீலமாகும். முதலில் இரண்டு நிறமும் அங்குமிங்குமாகப் புள்ளி புள்ளியாகத் தோன்றும். சொட்டில் கரைந்திருந்த ஒட்சிசன் தீரத் தீரக் காட்சி மாறும். சொட்டின் ஓரம் மெல்லியது, காற்றிலிருந்து புது ஒட்சிசன் உடனே வந்துசேரும். நடுப்பகுதி ஆழம், அங்கே வந்துசேரத் தாமதமாகும். கொஞ்ச நேரத்தில் ஓரம் முழுக்க இளஞ்சிவப்பு, நடுவில் நீலம். ஒரே தகடு, ஒரே சொட்டு. ஒட்சிசன் கூடின இடம் கதோட்டு, குறைந்த இடம், அதாவது இரும்பு கரையும் இடம், அனோட்டு என்று ஒரு மின்கலமே உருவாகிவிட்டது.

இதில் வேடிக்கை என்னவென்றால், ஒட்சிசன் நிறையக் கிடைக்கும் ஓரத்தில் இரும்புக்கு ஒன்றும் ஆகவில்லை. காற்று எட்டாத நடுவில்தான் அரிப்பு. கபில நிறக் கறளோ இரண்டுக்கும் இடையில் வளையமாகப் படிகிறது, நடுவிலிருந்து வரும் இரும்பு அயனும் ஓரத்திலிருந்து வரும் காரமும் அங்கேதான் சந்திக்கின்றன. நாம் சுரண்டுவது அந்த வளையத்தை. குழி விழுவது வேறிடத்தில்.

இனி மைனருக்கு வருவோம். 1948 முதல் 1971 வரை வந்த இந்தக் காருக்குத் தனிச் சட்டகம் கிடையாது. கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் பெட்டிப் பகுதியும் பாரம் தாங்குகிறது. ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் புள்ளி வெல்டிங் செய்திருப்பார்கள். அந்த இடுக்குக்குள் போன தண்ணீருக்கு ஒட்சிசன் கிடைக்காது, ஆகவே அதுதான் அனோட்டு. கரைந்த இரும்பின் நேர் ஏற்றம் குளோரைட்டை உள்ளே இழுக்கும். இரும்பு அயன் நீரோடு தாக்கமுற்று அமிலமாக்கும். அமிலம் இன்னும் கரைக்கும். வெளியே பெயின்ற் பளபளவென்று இருக்க, உள்ளே தகடு கடதாசியாகும். கொப்புளத்தின் கதையும் இதுவே: ஓரத்தில் உண்டாகும் காரம் பெயின்றின் பிடியை விடுவிக்கும், கொப்புளம் பரவும். கபிலம் தெரிகிற அளவுக்கு மட்டும் சுரண்டினால் பிடி விட்டுப்போன ஓரம் அப்படியே மிஞ்சும்.

கடற்படைத் தளம், சீனன்குடா எண்ணெய்க் குதங்கள் என்று இவ்வளவு இரும்பு கடற்காற்றில் நிற்கிற ஊர் இது. எங்கே எவ்வளவு வேகமாக அரிக்கிறது என்று அறிய, பத்து இடத்தில் இரும்புத் தகடு வைத்து வருடா வருடம் எடை நிறுத்துப் பார்க்கப் பெரிய பணம் வேண்டாம். ஆனால் செய்மதி என்றால் திறக்கிற பணப்பெட்டி கறள் என்றால் திறக்காது. அப்புறம், பெயின்ற் அடித்த கையோடு கண்ணூறு படாமல் தேசிக்காயும் மிளகாயும் கட்டுகிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. கட்டத்தான் வேண்டுமென்றால் நூலில் கட்டுங்கள். கம்பி சுரண்டுகிற இடத்தில்தான் அடுத்த கொப்புளம்.

சரி, செய்ய வேண்டியது. பழுதான தகட்டின் மேல் புதுத் தகட்டை ஒட்டினால் இன்னொரு இடுக்கு உருவாகும். நல்ல இரும்பு வரும்வரை வெட்டி, விளிம்போடு விளிம்பாக வெல்டிங் செய்யச் சொல்லுங்கள். 1990களில் இங்கிலாந்து மைனர்களுக்கே இலங்கையில் தகடு அடித்து அனுப்பினார்கள், ஆகவே இதற்குக் கைத்திறன் இங்கே உண்டு. தேய்ப்பதற்கு முன்னும் பின்னும் நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும், தேய்ப்பதால் மட்டும் குழிக்குள் இருக்கும் உப்புப் போகாது. கழுவித் துடைத்த தகட்டை ஓர் இரவு சும்மா விட்டுப் பார்க்கலாம். காலையில் குழிகளில் கரும்புள்ளி வியர்த்திருந்தால் உப்பு இன்னும் இருக்கிறது, சுடுதண்ணீரில் மறுபடி கழுவ வேண்டியதுதான். பிறகு பொசுபோரிக் அமிலம், அதையும் கழுவிக் காயவிட்டு நாகம் (துத்தநாகம்) கலந்த பிறைமர். நாகம் இரும்பை முந்திக்கொண்டு தான் கரையும். கப்பலின் அடியில் நாகக் கட்டி பூட்டுவதும் அதற்கே. பட்டி பிறைமருக்கு மேலே மெல்லிசாக மட்டும், வெறும் இரும்பில் வேண்டாம், பட்டி தண்ணீரைக் குடிக்கும். பெட்டிப் பகுதிக்குள் மெழுகு அடிக்க வேண்டும். அதன் அடியில் தண்ணீர் வடியும் ஓட்டைகள் இருக்கும். அழகுக்காக அவற்றையும் பட்டி பூசி அடைத்துவிடுகிறார்கள், பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள்.