அவன் தனியாக இல்லை, சார்

உளவியலாளரான என்னிடம் இந்த மாதத்தில் வந்த மூன்றாவது குடும்பம் இது. மூன்று வீட்டிலும் வெளிநாட்டிலிருந்து லீவுக்கு வந்த மாமாவோ சித்தப்பாவோ வாங்கிக்கொடுத்த வி.ஆர். (மெய்நிகர்) ஹெட்செட், அதாவது கண்ணை மறைத்துத் தலையில் மாட்டிக்கொண்டால் வேறொரு உலகத்துக்குள் நிற்கிற மாதிரி காட்டும் கருவி. மூன்று அப்பாக்களும் சொல்லிவைத்த மாதிரி ஒரே வரியைச் சொன்னார்கள்: “ரூமுக்குள்ளயே தனியா கெடக்கான் மேடம், யார்கிட்டயும் பேச மாட்டேங்கிறான்.”

மூன்றாவது அப்பாவை வெளியே உட்காரவைத்துவிட்டுப் பையனிடம் பேசினேன். 14 வயது. (யாரென்று தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) முதல் பத்து நிமிடம் என் மேஜைக் காலையே பார்த்துக்கொண்டிருந்தான். “உள்ள யாரெல்லாம் இருப்பாங்க?” என்று கேட்டதும்தான் நிமிர்ந்தான். பிலிப்பைன்ஸில் ஒரு பையன், மலேசியாவில் ஒரு அக்கா, ஊர் பேரே சொல்லாத ஒரு ‘அண்ணன்’. அந்த அண்ணனுக்கு 30 வயதுக்கு மேல் இருக்கும் என்று குரலை வைத்து இவனே கணக்குப் போட்டிருக்கிறான். தினமும் ராத்திரி 11 மணிக்குக் கூடுவார்களாம். வகுப்பில் எழுந்து நின்றால் வார்த்தை திக்குகிற பையன் இவன். அங்கே ஜோக் சொல்கிற ஆள் இவன்தானாம். அதைச் சொல்லும்போது ஒரு இடத்தில்கூடத் திக்கவில்லை.

இப்போது அந்தத் ‘தனியா’ என்ற வார்த்தைக்கு வருகிறேன். எனக்கு எரிச்சல் மூட்டுவது அதுதான். ஹெட்செட்டுக்குள் ஓடும் வி.ஆர்.சாட் மாதிரியான செயலிகள் விளையாட்டு என்று பெயர் வாங்கியிருந்தாலும் வேலையில் சத்திரங்கள். யார் வேண்டுமானாலும் வரலாம், போகலாம். வருகிறவருக்கு ஒரு பொம்மை உருவம் இருக்கும், ஆனால் பேசுவது சொந்தக் குரல். கிட்டே வந்தால் குரல் பெரிதாகக் கேட்கும், தள்ளிப் போனால் தேயும். காதோரம் வந்து ரகசியம் பேசலாம். கையை நீட்டினால் எதிரில் இருப்பவருக்குக் கை நீள்வது தெரியும். மேலே வந்து இடிக்கிற மாதிரி நின்றால் உடம்பு நிஜமாகவே பின்வாங்கும். 2022 பிப்ரவரியில் ஃபேஸ்புக்கை நடத்தும் மெட்டா நிறுவனம் தன் வி.ஆர். உலகத்தில் ஒருவர் உருவத்துக்கும் இன்னொருவர் உருவத்துக்கும் நடுவே ஏறக்குறைய 4 அடி இடைவெளி வைத்தது. அங்கே தங்களைச் சிலர் சூழ்ந்துகொண்டு சீண்டினார்கள் என்று பெண்கள் புகார் சொன்ன பிறகு வந்த ஏற்பாடு அது. ஆளே இல்லாத இடத்துக்கு எதற்கு சார் இடைவெளி?

முன்பின் தெரியாத இருபது பேர் ராத்திரி 11 மணிக்குக் கூடும் இடத்துக்குப் பையனை அனுப்புவீர்களா என்று கேட்டால் “சேச்சே” என்கிறார்கள். அவன் தினமும் போய்க்கொண்டுதான் இருக்கிறான், வீட்டுச் செருப்பைக்கூட மாட்டாமல்.

அப்படியானால் தனியாக இருப்பது யார்? சோபாவில் உட்கார்ந்திருக்கிற நீங்கள். டிவி என்றால் வீடே பார்க்கும். மொபைல் என்றால் பின்னால் நடந்து போகும்போது திரையின் ஒரு மூலையாவது கண்ணில் படும். ஹெட்செட்டில் அதுவும் கிடையாது. அவன் முகத்தில் பாதி மறைந்துவிடுகிறது. சிரிக்கிறானா பயந்திருக்கிறானா என்று பெற்ற தாய்க்கே தெரியாது. 2024இல் ஆப்பிள் 3,499 டாலருக்கு விற்பனைக்குக் கொண்டுவந்த விஷன் ப்ரோ ஹெட்செட்டில், போட்டிருப்பவரின் கண்ணைப் பக்கத்தில் இருப்பவருக்குக் காட்டுவதற்காகவே முன்பக்கம் ஒரு திரை வைத்தார்கள். பக்கத்தில் இருப்பவரின் சங்கடம் அவர்களுக்கே தெரிந்திருக்கிறது.

என் கிளினிக்கிலும் ஒரு ஹெட்செட் இருக்கிறது. உயரத்தைக் கண்டு நடுங்குகிறவர்களுக்கு வி.ஆர். வழியாகச் சிகிச்சை தரலாம் என்று அமெரிக்காவில் பார்பரா ராத்பாமும் அவர் குழுவினரும் 1995லேயே ஆய்வு வெளியிட்டுவிட்டார்கள். புதுசு ஒன்றுமில்லை. போன வருடம் ஒருவர் வந்தார். ஆபீஸ் 11ஆவது மாடிக்கு மாறிவிட்டது, கண்ணாடி லிஃப்டில் ஏற முடியவில்லை. ஹெட்செட்டுக்குள் அவர் ஒரு பால்கனி ஓரத்தில் நிற்கிறார். அதே பால்கனி என் லேப்டாப்பிலும் தெரிகிறது. “கீழ பாருங்க. இப்ப பயத்துக்கு பத்துக்கு எத்தனை மார்க்?” “எட்டு மேடம்.” நாற்காலி முதுகைப் பிடித்திருந்த அவர் விரல்கள் வெளுத்துப்போயிருந்தன. அப்படியே நின்றோம். எட்டு ஆறானது, ஆறு நாலானது. என் எதிரில் உட்கார்ந்து முகம் பார்த்துப் பேசியபோது சொல்லாததையெல்லாம் ஹெட்செட் கண்ணை மறைத்திருந்த அந்த நிலையில்தான் சொன்னார். அவர் பார்ப்பதை நானும் பார்த்துக்கொண்டிருந்தேன், வேறு மந்திரம் எதுவும் இல்லை.

(இதைப் படித்துவிட்டு யூடியூபில் மலை உச்சி வீடியோ போட்டு மாமியார் தலையில் மாட்டிவிடாதீர்கள். அப்படிச் செய்த ஒருவரும் வந்தார், மாமியாரோடு.)

சரி, செய்ய வேண்டியதற்கு வருவோம். முதலில், அது யாருடைய கணக்கில் ஓடுகிறது என்று பாருங்கள். மூன்று வீட்டிலும் வாங்கிக்கொடுத்தவர் தன் கணக்கிலேயே லாகின் செய்து கொடுத்துவிட்டு விமானம் ஏறியிருந்தார். அந்தப் பெட்டியைப் பொறுத்தவரை உங்கள் பையன் நாற்பது வயது ஆள். சிறுவர்களுக்கென்று இருக்கிற தடுப்பு ஒன்றும் அங்கே வேலை செய்யாது. மெட்டா ஹெட்செட்டுக்கான குறைந்தபட்ச வயது முன்பு 13ஆக இருந்தது. 2023இல் 10 ஆக்கினார்கள், அதுவும் பெற்றோர் கட்டுப்பாட்டில் இருக்கும் கணக்கு என்றால்தான். ஏழு வயதுக் குழந்தைக்கு மாட்டிவிட்டு ஸ்டேட்டஸ் போடுகிறவர்களிடம் எனக்குப் பேச ஒன்றுமில்லை.

படுக்கையறையிலிருந்து ஹாலுக்குக் கொண்டுவாருங்கள். உள்ளே தெரிவதை மொபைலிலோ டிவியிலோ காட்டும் வசதி இருக்கிறது, அதைப் போடச் சொல்லுங்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டுத் தோளைத் தொடுங்கள். தலையிலிருந்து பிடுங்காதீர்கள். பிடுங்கப் போன ஒரு அப்பா மூக்கில் குத்து வாங்கியிருக்கிறார், பையன் மேல் தப்பில்லை.

அப்புறம் ஒரு வேண்டுகோள். கோபத்தில் அன்றைக்கே பெட்டியைப் பூட்டி வைத்துவிடாதீர்கள். திக்காமல் பேச அவனுக்கு இருக்கிற ஒரே இடத்தையும் சேர்த்துப் பூட்டுகிறீர்கள். முதலில் நீங்கள் பத்து நிமிடம் போட்டுப் பாருங்கள். அவன் நண்பர்களின் பெயர்களைக் கேளுங்கள்.

அந்த மூன்றாவது அப்பா அடுத்த வாரம் வந்தார். டிவியில் போடச் சொல்லி சோபாவில் உட்கார்ந்திருக்கிறார். “பக்கத்துல யாருன்னு அந்த அண்ணன் கேட்டாராம் மேடம். எங்கப்பான்னு இவன் சொன்னதும் போயிட்டாராம். அதுக்கப்புறம் வரவே இல்ல.” மலேசியா அக்கா மட்டும் வணக்கம் அங்கிள் என்றதாம்.

“ஆனா நான் போட்டா அஞ்சு நிமிஷத்துல தலை சுத்துது. மாத்திரை ஏதாவது எழுதித் தர்றீங்களா?”

உளவியலாளர் மாத்திரை எழுதக் கூடாது என்று அவரிடம் நான் சொல்வது இது நான்காவது முறை. உட்கார்ந்துகொண்டு போடுங்கள் என்று சொல்லி அனுப்பினேன்.