பெயின்டுக்குப் பணம், வேளாருக்குச் சால்வை

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்து அறக்கட்டளைகளுக்குக் கணக்குப் பார்ப்பது என் தொழில். கொஞ்ச காலமாக ஒரே மாதிரிக் கேள்வியோடு ஆட்கள் வருகிறார்கள்: "பிள்ளைகளை வச்சுக் கண்மாய், ஊருணி பத்தி நாடகம் போடணும், மண் பொம்மை செய்யணும். யார்கிட்ட பணம் கேட்கலாம்?"

கொடுக்க ஆள் இல்லாத ஊர் இல்லை இது. வியாபாரத்தில் ஒரு பங்கை மகமை என்று எடுத்து வைத்துக் கோயிலும் ஊருணியும் பள்ளிக்கூடமும் கட்டிய பகுதி. ஆனால் கட்டடம் என்றால் கல்வெட்டில் பெயர் வரும். பிள்ளைகள் சனிக்கிழமைதோறும் உட்கார்ந்து மண் பிசைவதற்குக் கல்வெட்டு கிடையாது. அதனால் கொடுப்பவர் கண்ணுக்குத் தெரிகிற பொருளாகவே கொடுக்கப் பார்க்கிறார். கேட்பவரும் அதற்குத் தோதாகவே மதிப்பீடு எழுதுகிறார்.

என்னிடம் வரும் மதிப்பீடுகளில் பெயின்ட், பிரஷ், டி-ஷர்ட், மேடை, போட்டோ, ஃப்ளெக்ஸ் எல்லாம் இருக்கும். (கண்மாயைக் காப்போம் என்று அச்சடித்த ஃப்ளெக்ஸ் கடைசியில் கண்மாய்க்கரையில்தான் கிடக்கும், அது தனிக் கதை.) சொல்லித் தருபவருக்கு? 'சன்மானம்' என்று ஒரு சின்னத் தொகை. பேரம் பேசும்போது முதலில் வெட்டுப்படுவதும் அதுதான். ஐயனார் கோயிலுக்கு மண் குதிரையான புரவி செய்கிற குயவரை, அதாவது வேளாரை, ஒரு நாள் பிள்ளைகளிடம் கூப்பிட்டால் அன்றைக்கு அவர் சொந்த வேலை நின்றுபோகும். கொட்டான் என்னும் ஓலைக்கூடை முடைகிற அம்மாவுக்கும் அதே நிலைதான். புவிசார் குறியீடு பெற்ற கைத்தொழில் என்று மேடையில் புகழ்ந்துவிட்டு, சால்வை போர்த்தி அனுப்பினால் வீட்டில் உலை கொதிக்காது.

ஆகவே மதிப்பீட்டின் முதல் வரியில் கலைஞர் கூலியை எழுதுங்கள். அப்புறம் பிள்ளைகளுக்கு டிபன், வண்டி வாடகை, சூளைக்கு விறகு. பிள்ளைகளோடு எந்த நேரமும் பெரியவர்கள் இரண்டு பேராவது இருக்க வேண்டும், அவர்களுக்கான சம்பளத்தையும் சேருங்கள். பிள்ளைகளின் படத்தை நன்கொடையாளரின் விளம்பரத்தில் போடுவதென்றால் பெற்றோரின் சம்மதத்தை முதலிலேயே எழுத்தில் வாங்கிவிடுங்கள். பெயின்டெல்லாம் கடைசியில் வரட்டும்.

"நிர்வாகச் செலவு ஐந்து சதவீதத்துக்கு மேல் தர முடியாது, சட்டம்" என்று சில நிறுவனங்கள் கையை விரிக்கும். அந்த 5 சதவீத வரம்பு, நிறுவனம் தன் சிஎஸ்ஆர் (சட்டப்படி சமூகப் பொறுப்புக்காகச் செலவிட வேண்டிய பணம்) பணிகளைப் பொதுவாக நிர்வகிக்கச் செய்யும் செலவுக்குத்தான். ஒரு குறிப்பிட்ட திட்டத்தை நடத்த ஆகும் செலவு அதில் வராது. கலைஞரின் கூலி திட்டச் செலவு. இதைத் தயங்காமல் எடுத்துச் சொல்லுங்கள்.

இந்த மாதிரித் திட்டங்கள் சிஎஸ்ஆருக்குப் பொருந்துமா என்ற சந்தேகமும் வேண்டாம். 2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் கல்வி, சுற்றுச்சூழல், பாரம்பரியக் கலைகளும் கைவினையும் என்று மூன்று இடங்களில் இதற்கு வாசல் இருக்கிறது. எது முக்கியமோ அதைத் தலைப்பாக வையுங்கள், மூன்றையும் ஒரே பத்தியில் திணித்தால் படிப்பவர் குழம்பிவிடுவார். பணம் வாங்கும் அமைப்புக்கு 12ஏ (அமைப்பின் வருமானத்துக்கு வரிவிலக்கு), 80ஜி (நன்கொடையாளருக்கு வரிச்சலுகை) பதிவுகள், சிஎஸ்ஆர்-1 எண் (சிஎஸ்ஆர் பணம் வாங்க அரசிடம் பதிந்த எண்), மூன்று வருட வேலை அனுபவம் எல்லாம் கேட்பார்கள். புதிதாகத் தொடங்கிய குழு என்றால், இவையெல்லாம் உள்ள ஓர் உள்ளூர் அறக்கட்டளையோடு எழுத்தில் ஒப்பந்தம் போட்டுக்கொண்டு இறங்குவது நல்லது.

எனக்குப் பெரிய தலைவலி நாட்காட்டிதான். நிறுவனங்களுக்கு மார்ச் 31-க்குள் பணத்தைச் செலவழிக்க வேண்டிய அவசரம். பிப்ரவரியில் போன் வரும், "உடனே ஏதாவது பண்ணுங்க" என்று. அப்போது பள்ளிகளில் தேர்வு நேரம். கண்மாய் மண்ணோ தண்ணீர் வற்றியபின் கோடையில்தான் கிடைக்கும், அதை எடுக்க வட்டாட்சியர் அனுமதியும் வேண்டும். வேட்டங்குடிச் சரணாலயத்துப் பறவைகளுக்காகக் கொள்ளுகுடிப்பட்டி மக்கள் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. பிள்ளைகள் நாடகம் போட இதைவிட நல்ல விஷயம் இந்த வட்டாரத்தில் இல்லை என்பேன். ஆனால் அந்தப் பறவைகளைப் பார்க்க வடகிழக்கு மழை பெய்து கண்மாய் நிறைய வேண்டும். இவ்வளவையும் மார்ச் மாதத்து மூன்று வாரத்தில் அடைத்தால் சுவரில் ஓர் ஓவியம் வரும், அவ்வளவுதான். வழி இருக்கிறது. 'தொடர் திட்டம்' என்று நிறுவனம் அனுமதித்தால், செலவாகாத பணத்தைத் தனி வங்கிக் கணக்கில் போட்டு அடுத்த மூன்று நிதியாண்டுகளுக்குள் செலவழிக்கலாம். விண்ணப்பத்திலேயே அப்படிக் கேளுங்கள்.

தனிநபர் நன்கொடை என்றால் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாக வாங்காதீர்கள், கொடுத்தவருக்கு வரிச்சலுகை கிடைக்காது. 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் என்பதால் பிரிவு எண்களும் மாறுகின்றன. பழைய ரசீதுப் புத்தகத்தை அப்படியே ஓட்ட வேண்டாம்.

அடுத்தது நம் ஊருக்கே உரிய விஷயம்: சிங்கப்பூர், மலேசியா உறவுகள். இந்தியக் குடிமகனாக அங்கே வேலை பார்ப்பவர் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் பிரச்சினை இல்லை. அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கியவர் அனுப்பினால் அது வெளிநாட்டு நிதி. ஓசிஐ அட்டை (இந்திய வம்சாவளி வெளிநாட்டுக் குடிமக்களுக்கான அட்டை) இருந்தாலும் அப்படித்தான். அதற்கு எஃப்சிஆர்ஏ எனப்படும் வெளிநாட்டு நிதி ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் பதிவோ முன் அனுமதியோ வேண்டும், பணமும் டெல்லியில் உள்ள ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்குக்குத்தான் வர வேண்டும். "அண்ணன் என் கணக்குக்கு அனுப்பட்டும், நான் ட்ரஸ்டுக்கு மாத்திடுறேன்" என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள். பத்தாயிரம் ரூபாய் பெயின்டுக்காக அறக்கட்டளையே விசாரணையில் மாட்டும். அண்ணனுக்கு ஆசை இருந்தால், அடுத்த முறை ஊருக்கு வரும்போது பிள்ளைகளோடு ஒரு சனிக்கிழமை உட்காரட்டும். அதற்கு எஃப்சிஆர்ஏ அனுமதி வேண்டாம், பள்ளித் தலைமையாசிரியரிடம் கேட்டுக்கொள்ளட்டும்.